இலவச இசையை எங்கே வைப்பது? ஆர்க்கைவ், பேண்ட்கேம்ப், சொந்தத் தளம்

சென்னையில் நண்பர் ஒருவரும் நானும் ஒரு சின்ன ஆன்லைன் லேபிள், அதாவது இசை வெளியீட்டு அமைப்பு, நடத்துகிறோம். சினிமாப் பாட்டும் கிடையாது, கச்சேரியும் கிடையாது. மோர்சிங்கை கிடார் பெடல் வழியாக விட்டு இழுத்த நீளமான வாசிப்பு, காசிமேட்டு மீன் ஏலத்தின் கூச்சலை வெட்டி அடுக்கிய துண்டுகள், பழைய கேசியோ கீபோர்டில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும் இசை என்று, வேறு எங்கும் இடம் கிடைக்காதவற்றை வெளியிடுகிறோம். எல்லாமே இலவசம். யாரும் இறக்கிக்கொள்ளலாம், பென்டிரைவில் போட்டு அடுத்தவருக்கும் கொடுக்கலாம். வெளிநாடுகளில் இதற்கு நெட்லேபிள் என்று பெயர். சைமன் கார்லஸ் 1996-இல் தொடங்கிய மோனோடோனிக் இந்த வழியில் முன்னால் போனவற்றில் ஒன்று.

இப்படி ஒன்றைத் தொடங்க ஆசைப்படுகிறவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, ஃபைலை எங்கே போடுகிறீர்கள் என்பதைத்தான். இணையத்தில் ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ், கலைஞர்கள் நேரடியாக இசையை விற்கும் பேண்ட்கேம்ப், சொந்தத் தளம் மூன்றையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறோம். இப்போது எங்கள் வெளியீடு எல்லாம் இருப்பது ஆர்க்கைவில். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்பாட்டிஃபையையும் யூடியூபையும் இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. அங்கே கேட்கலாமே தவிர ஃபைலைக் கையோடு எடுத்துப் போக முடியாது. நாங்கள் கொடுக்க நினைப்பதே ஃபைலைத்தான். ஸ்பாட்டிஃபையில் ஒரு டிராக் 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடினால்தான் அதற்குக் காசு சேரும் என்பது 2024-இலிருந்து விதி. எங்களுக்குக் காசு முக்கியமில்லை. ஆனாலும் நாற்பது பேர் உயிரைக் கொடுத்துக் கேட்கிற இசைக்கு அங்கே என்ன மதிப்பு என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒலித்தரத்தில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. ஒலித்தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் ஃபைலை ஏற்றினால் ஃபிளாக்காகவே இறங்கும். பார்க்க அழகு எது என்றால் பேண்ட்கேம்ப்தான். ஆர்க்கைவின் பக்கம் வறட்சியாக இருக்கும், அதில் நாம் மாற்றுவதற்கும் அதிகம் இல்லை.

பேண்ட்கேம்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விற்கிற லேபிளாக இருந்தால் நானும் அங்கேதான் போவேன். புது ஆல்பம் போட்டால் நம்மைப் பின்தொடர்கிறவர்களுக்குத் தானாகவே மெயில் போய்விடும். டேக் வழியாகத் தேடி வருகிறவர்களும் உண்டு. ஒரே சுரத்தை நீட்டிக்கொண்டே போகும் டிரோன் இசையைத் தேடிய யாரோ ஒருவர் ஃபின்லாந்திலிருந்து வந்து நம் மோர்சிங்கைக் கேட்பார். விலையை நாம் தீர்மானிக்கலாம், கேட்பவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டுக் குறைந்தபட்சத் தொகையைப் பூஜ்யமாகவும் வைக்கலாம்.

சிக்கல் அந்தப் பூஜ்யத்தில்தான் ஆரம்பிக்கிறது. இலவச டவுன்லோடுக்கு மாதம் 200 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு ஆல்பம் எங்கோ ஒரு ரேடியோ நிகழ்ச்சியில் ஒலித்து ஆள் கூடிவிட்டால், 200 என்பது ஒரு வாரத்துக்குக்கூடத் தாங்காது. அதற்கு மேல் வேண்டுமானால் கிரெடிட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இலவசமாகக் கொடுப்பதற்கு நாம் பணம் கட்டுகிற நிலை வந்துவிடும். அவர்களைத் தப்பு சொல்லவும் முடியாது. விற்பனையில் டிஜிட்டலுக்கு 15 சதவீதம் எடுத்து நடக்கிற கடை அது, இலவசத்தால் அவர்களுக்குச் செலவுதான். சரி, யாராவது பிரியப்பட்டு இரண்டு டாலர் கொடுத்தால்? அது பேபால் வழியாக வரும். பான் எண், எதற்காக வந்த பணம் என்று சொல்லும் பர்ப்பஸ் கோடு, பிடித்தம் எல்லாம் தாண்டிக் கைக்கு வந்து சேர்வதைப் பாதி ஆல்பக் கலைஞருக்கும் பாதி அட்டை வரைந்தவருக்கும் பிரிப்பது வீண் வேலை.

இன்னொன்றும் என்னை யோசிக்க வைத்தது. 2022 மார்ச்சில் பேண்ட்கேம்பை எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் வாங்கியது. 2023-லேயே அதை சாங்ட்ரேடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்கு விற்றுவிட்டது, ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை போனது. தளம் இன்றும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் இரண்டு வருடத்துக்குள் இரண்டு கை மாறிய கடையில், வருமானமே தராத எங்கள் ஆல்பங்கள் இன்னும் இருபது வருடம் இருக்கும் என்று யாரிடம் போய் உத்தரவாதம் கேட்பது?

சொந்தத் தளம் மனதுக்கு நெருக்கமானது. எழுத்துரு, நிறம், தமிழில் நீளமான குறிப்பு, எல்லாம் நம் இஷ்டம். ஆனால் அளவில்லா பேண்ட்வித் என்று விளம்பரம் செய்த ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்று (பெயர் வேண்டாம்), ஆடியோ ஃபைல்களைக் குவித்து வைக்கக் கூடாது என்ற நிபந்தனையை எங்கோ அடியிலிருந்து எடுத்துக் காட்டி எங்கள் கணக்கை முடக்கியது. வேறு இடம் பார்த்தோம். அங்கே கார்டில் தானாகப் புதுப்பிக்கிற ஏற்பாடு நிற்கவில்லை. 2021 அக்டோபரில், கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி வந்ததிலிருந்து, வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தானாகப் பணம் போவது பல வங்கிகளில் நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் ஒருவர் நினைவு வைத்திருந்து ஓடிபி போட வேண்டும். அந்த ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் லேபிளும் இல்லை. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், காலாவதியானால் நிலைமை அதைவிட மோசம், அடுத்த வாரமே அந்தப் பெயரில் ரம்மி விளம்பரம் வந்து உட்கார்ந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. வீட்டிலேயே சர்வர் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கிறவர்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நினைத்துப் பார்க்கட்டும்.

பராமரிப்பு என்றால் எல்லோரும் மாதச் செலவைத்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, நாங்கள் நிறுத்திய பிறகு பராமரிப்பது யார் என்பது. இந்த மாதிரி லேபிள்களை நடத்துவது இரண்டு மூன்று பேர். ஒருவருக்கு பெங்களூரில் வேலை கிடைக்கும், இன்னொருவருக்குக் குழந்தை பிறக்கும், அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகும். விற்கிற லேபிள் மூடினாலும் அதன் பாட்டுகளை இன்னொரு நிறுவனம் விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளும், அதில் காசு இருக்கிறது. இலவச இசையை யார் வாங்குவார்கள்? 2003 முதல் 2015 வரை மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஏற்றப்பட்ட பாட்டுகள் சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டன என்று 2019-இல் தெரியவந்தது. பாதிக்கப்பட்டவை ஐந்து கோடி டிராக்குகள் வரை இருக்கும் என்றார்கள். அவற்றில் எத்தனையோ பேருடைய ஒரே பதிவும் இருந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் தரமணியிலேயே இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் நோட்டீசுகளும் அவர் 1992-இல் இறந்த பிறகு சிதறிப் போகவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, இன்று அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. சேர்த்தவர் போன பிறகும், காப்பாற்றுவதையே வேலையாகக் கொண்ட ஒரு அமைப்பு அதைக் கையில் எடுத்துக்கொண்டது. எங்கள் இசைக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும் என்று பார்த்தால், இப்போதைக்கு எனக்குத் தெரிவது ஆர்க்கைவ்தான். 1996-இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு அது. நெட்லேபிள்களுக்கென்றே அங்கே தனித் தொகுப்பு உண்டு. மோனோடோனிக் வெளியீட்டை நிறுத்திப் பல வருடம் ஆகிறது, அதன் ஃபைல்கள் இன்றும் அங்கே இறங்குகின்றன. என் முடிவுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

வேலையும் எளிது. ஃபிளாக் ஃபைல்களையும் அட்டைப் படத்தையும் ஏற்றினால், எம்பி3-ஐ அதுவே உருவாக்கிக்கொள்ளும், ஒருவரிடமிருந்து ஒருவர் பகிர்ந்து இறக்க உதவும் டாரண்ட் ஃபைலும் தானாக வந்துவிடும். கட்டணம் கிடையாது. கவனமாக இருக்க வேண்டியது ஐடென்டிஃபையர் என்கிற பெயரில். முகவரியில் கடைசியாக வருவது அதுதான், ஆங்கில எழுத்தும் எண்ணும் கோடும் புள்ளியும் மட்டுமே ஏற்கும். நாங்கள் லேபிளின் சுருக்கப் பெயரோடு 001, 002 என்று வரிசை எண்ணைச் சேர்த்து வைக்கிறோம். தலைப்பு, கலைஞர் பெயர், குறிப்பு எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதலாம். குறிப்பைப் பெரிதாகவே எழுதுங்கள். யார் வாசித்தது, எந்த மைக்கில், எந்தத் தெருவில், எந்த மாதத்தில் பதிவு செய்தது என்பதெல்லாம் பாட்டோடு சேர்ந்தே காப்பாற்றப்பட வேண்டியவை. ஃபைல் பெயருக்கு முன்னால் 01, 02 என்று போட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் டிராக் வரிசை கலைந்துவிடும்.

ஆர்க்கைவ் ஆபத்தே இல்லாத இடம் என்று சொல்லவில்லை. 2017 ஆகஸ்டில் அந்தத் தளம் இந்தியா முழுக்கத் திறக்கவில்லை. இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க நம் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவில் இருந்த ஆயிரக்கணக்கான தளங்களில் அதுவும் ஒன்று. 2024 அக்டோபரில் ஹேக்கர்கள் தாக்கி, 3 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரம் கசிந்தது. தளம் சில நாள் முடங்கி, பிறகு பார்க்க மட்டும் திறந்தது, அப்லோடு வசதி திரும்புவதற்கு இன்னும் காலம் பிடித்தது. பழைய 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகளை டிஜிட்டலாக்கியதற்காகப் பெரிய இசை நிறுவனங்கள் 2023-இல் போட்ட வழக்கு, 2025-இல் சமரசத்தில் முடிந்தது. அதனால் சுருக்காத மூல ஒலிப்பதிவான வேவ் ஃபைல்களை நாங்கள் இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டு வீட்டில் வைத்திருக்கிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள், எங்கே ஏற்றினாலும்.

கலைஞர்களிடம் முன்கூட்டியே பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பேண்ட்கேம்பிலும் சொந்தத் தளத்திலும் ஒரு ஆல்பத்தை நினைத்த நேரத்தில் எடுத்துவிடலாம். ஆர்க்கைவில் மொத்தப் பக்கத்தையும் எடுக்க வேண்டுமானால் அவர்களுக்கு எழுதிக் கேட்க வேண்டும். அதோடு, பிறர் பகிரவும் பயன்படுத்தவும் முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸில் ஒருமுறை வெளியிட்டதை, ஏற்கனவே இறக்கியவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது. நாளைக்கு சினிமாவில் வாய்ப்பு வந்து, பழைய பதிவு வெளியே இருக்க வேண்டாம் என்று ஒரு கானாப் பாடகர் நினைக்கலாம், அது அவருடைய உரிமை. வணிகப் பயன்பாடு கூடாது என்ற லைசென்ஸைத்தான் நாங்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறோம். அதனால் கையெழுத்துக்கு முன்னால் லைசென்ஸின் பொருளை உட்கார்ந்து தமிழில் விளக்குகிறோம். தயங்குகிறவரை வற்புறுத்துவதில்லை, அவருக்கு பேண்ட்கேம்பே நல்லது.

கேசட், வினைல் அடித்து விற்கிற எண்ணம் இருக்கிறவர்களுக்கு என் யோசனை எவ்வளவு பொருந்தும் என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் நாங்கள் போனதில்லை. சுங்கம், தபால் செலவு பற்றியெல்லாம் கேள்விப்பட்டதோடு சரி. பேண்ட்கேம்பில் லேபிள்களுக்கென்று இருக்கிற கட்டணக் கணக்கையும் நாங்கள் எடுத்ததில்லை, நான் மேலே சொன்னது சாதாரணக் கணக்கை வைத்து. கேட்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிற லேபிளுக்கு, மெயில் அனுப்பும் வசதியே இல்லாத ஆர்க்கைவ் போதாமல் போகலாம். எங்களுக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் போட்டால் போதுமானதாக இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்வதிலும் தடை எதுவும் இல்லை. முதலில் ஆர்க்கைவில் ஏற்றுங்கள், பேண்ட்கேம்ப் பக்கத்தின் குறிப்பில் அந்த லிங்க்கைக் கொடுத்துவிடுங்கள். 200 தீர்ந்த பிறகு வருகிறவருக்கும் ஃபைல் கிடைக்கும்.