ஜப்பானுக்கு முதல் பயணம்: பாஸா டிக்கெட்டா, பெரிய பெட்டியா சின்னப் பெட்டியா, ரொக்கமா கார்டா?

ஜப்பான் போகிறோம் என்று வாய் திறந்தாலே முதலில் கிடைக்கும் யோசனை, 'ஜே.ஆர். பாஸ் வாங்கிவிடுங்கள்' என்பதுதான். ஜே.ஆர். என்பது ஜப்பான் ரயில்வே, ஒரே விலை கொடுத்துக் குறிப்பிட்ட நாள்களுக்கு அதன் ரயில்களில் வேண்டிய மட்டும் சுற்ற விடுவது அந்தப் பாஸ். அது பழைய கணக்கு. 2023 அக்டோபருக்கு முன்பு ஏழு நாள் பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே போட்ட காசு ஏறக்குறைய வந்துவிடும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அந்த அக்டோபரில் அதை ஒரேயடியாக 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். யோசனை மட்டும் மாறவே இல்லை.

சரி, இன்றைய நிலவரத்துக்குக் கணக்குப் போடுவோம். முதல் முறை போகிற பெரும்பாலானோர் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, நேரம் இருந்தால் ஹிரோஷிமா என்றுதான் திட்டம் போடுகிறார்கள். டோக்கியோ–கியோட்டோ ஷின்கான்செனில், அதாவது புல்லட் ரயிலில், முன்பதிவு இருக்கை சுமார் 14,000 யென், கியோட்டோவிலிருந்து ஒசாகாவுக்குச் சாதாரண ரயிலில் 600 யென்னுக்குள், ஒசாகாவிலிருந்து டோக்கியோ திரும்ப 14,700 சொச்சம். மொத்தம் முப்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. ஹிரோஷிமாவையும் சேர்த்து, அங்கிருந்தே நேராக டோக்கியோ திரும்பினாலும் 45,000 பக்கம்தான் வருகிறது. பாஸ் அப்போதும் நஷ்டம். போதாததற்கு, அந்தத் தடத்தில் வேகமானதும் சில நிமிடத்துக்கு ஒன்று வருவதுமான நோசோமி ரயிலில் பாஸ் வைத்திருப்பவர்கள் தனிக் கட்டணம் கட்ட வேண்டும், டோக்கியோ–கியோட்டோவுக்கு மட்டும் கிட்டத்தட்ட 5,000 யென். கட்ட மனமில்லை என்றால் ஹிகாரியில் ஏறலாம். நோசோமி இரண்டே கால் மணி நேரத்தில் போவதை அது இரண்டே முக்கால் மணி நேரத்தில் போகும், அதற்காகக் காத்திருக்கும் நேரமும் கூடும்.

பாஸ் உதவாத பொருள் என்று சொல்லவில்லை. டோக்கியோவில் இறங்கி ஃபுகுவோகா வரை போய் அதே வாரத்தில் திரும்புகிறவருக்குப் போகவர டிக்கெட்டே 47,000 யென் ஆகிவிடும். வழியில் இரண்டு ஊரில் இறங்கினால் பாஸ்தான் லாபம். அவ்வளவு தூரம் போகாதவர் தனி டிக்கெட் எடுப்பதே சரி. ஒசாகாவைச் சுற்றியும் ஹிரோஷிமா வரையும் மட்டும் நிறைய அலைகிறவர்களுக்கு மேற்கு ஜே.ஆரின் வட்டாரப் பாஸ்கள் இருக்கின்றன, விலையும் இதில் பாதிக்கும் கீழே.

ஆனால் பாஸா டிக்கெட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்பே, விமான டிக்கெட் எடுக்கும்போது மிச்சப்படுத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்திலிருந்து கிளம்புங்கள், அல்லது அதையே திருப்பிப் போடுங்கள். சென்னையிலிருந்து எப்படியும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் என்று ஓரிடத்தில் மாறித்தான் போகிறோம், அந்த ஊர்களிலிருந்து இரண்டு பக்கமும் விமானம் இருக்கிறது. போகவர ஒரே ஊர் என்று எடுத்தால் கடைசி நாளில் பாதி திரும்பி வருவதிலேயே போய்விடும், ரயிலுக்கு ஆளுக்கு 14,700 யென்னும் போகும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது சின்னத் தொகையா?

டோக்கியோவுக்கும் கியோட்டோ, ஒசாகாவுக்கும் இடையே காசு இன்னும் குறைய வேண்டும் என்றால் இரவுப் பேருந்து. நாளையும் நிறுவனத்தையும் பொறுத்து ஐயாயிரம் யென்னுக்கும் கிடைக்கும், பத்தாயிரத்துக்கும் போகும், ஒரு இரவு அறை வாடகையும் மிச்சம். தனியாகப் போகும் இளவட்டங்களுக்குச் சரிப்படும். பெற்றோரோடு போகிறவர்கள் அந்தப் பக்கம் தலை வைக்க வேண்டாம், எட்டு மணி நேரம் உட்கார்ந்தபடி வந்து காலை ஆறு மணிக்கு இறங்கினால் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் பல ஹோட்டல்களில் அறை தருவார்கள். இடைப்பட்ட வழியும் ஒன்று இருக்கிறது: எல்லா நிலையத்திலும் நிற்கிற கொடாமா ஷின்கான்செனுக்கான சலுகை டிக்கெட். முந்தின நாளுக்குள் வாங்கிவிட வேண்டும், நேரம் ஒன்றரை மணி கூடும், ரெண்டாயிரம் மூவாயிரம் யென் குறையும். எந்த ஷின்கான்செனில் போனாலும் டோக்கியோவிலிருந்து போகும்போது வலது பக்க ஜன்னல், அதாவது 'ஈ' (E) இருக்கை கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் புறப்பட்ட முக்கால் மணி நேரத்தில் ஃபியூஜி மலை முழுசாகத் தெரியும்.

அடுத்து பெட்டி. விமானத்தில் 30 கிலோ அனுமதி இருக்கிறது என்பதற்காக 28 அங்குலப் பெட்டியை நிரப்பிக்கொண்டு போவது, என்னைக் கேட்டால், மற்ற எல்லாத் தவறுகளையும்விட அதிகம் படுத்தும். டோக்கியோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கும், ஆனால் நீங்கள் இறங்கிய இடத்துக்கு எதிர்க்கோடியில் இருக்கும். காலை ஏழரை முதல் ஒன்பது வரை ரயிலுக்குள் பெட்டியோடு ஏறுவதையே நினைக்க முடியாது. டோக்கியோ–ஒசாகா–ஃபுகுவோகா ஷின்கான்செனில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, அதை வைக்க இடமுள்ள கடைசி வரிசை இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக்குத் தனிக் காசு கிடையாது, பதியாமல் ஏறினால் 1,000 யென் கேட்பார்கள். பெரிய பெட்டிகள் சக்கரத்தையும் சேர்த்து அளந்தால் சுலபமாக அந்த எல்லையைத் தொட்டுவிடும், வீட்டிலேயே அளவு நாடாவை வைத்துப் பாருங்கள். ரயில் முடிந்தால் அறை. மலிவு பிசினஸ் ஹோட்டலில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கத்தான் இடம். பெரிய பெட்டியைத் திறக்க வேண்டும் என்றால் கட்டில் மேல்தான் திறக்க வேண்டும்.

சின்னப் பெட்டிக்காரருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, துணிதான் போதாது. அதற்கு ஹோட்டலிலேயே வழி இருக்கிறது. பெரும்பாலான பிசினஸ் ஹோட்டல்களில் காசு போட்டு இயக்கும் துவைக்கும் இயந்திரமும் உலர்த்தியும் உண்டு, அதனால் ஐந்து நாள் துணி இரண்டு வாரத்துக்கு வரும். பல் துலக்கும் பிரஷ், சீப்பு, சவர பிளேடு, ராத்திரி உடுத்தும் உடை வரை அங்கேயே கிடைக்கும், எதையும் சுமக்க வேண்டாம்.

பெரிய பெட்டி தவிர்க்கவே முடியாது, குழந்தை இருக்கிறது, குளிர்காலம் என்றால் தக்யூபின் என்கிற கூரியர் சேவை இருக்கவே இருக்கிறது. ஹோட்டல் வரவேற்பில் பெட்டியைக் கொடுத்து, அடுத்த ஹோட்டலின் முகவரியை எழுதித் தந்தால், டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். பெட்டியின் அளவைப் பொறுத்து இரண்டாயிரம் மூவாயிரம் யென் ஆகும். பாஸில் வீணாகிற காசை இதில் போடுங்கள் என்பேன். ஓர் இரவுக்கான துணியையும் மருந்தையும் மட்டும் தோள்பையில் எடுத்துக்கொண்டு கைவீசி ரயிலேறலாம்.

வீட்டிலிருந்து கட்டாயம் எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான். அங்கே தட்டையான இரண்டு முள் பிளக், 100 வோல்ட். நம் மூன்று முள் செருகி நுழையாது, தட்டை முள் அடாப்டர் வேண்டும். கைக்குட்டை, ஏனென்றால் பொதுக் கழிப்பறைகளில் கை துடைக்கக் காகிதம் பல இடத்தில் வைப்பதில்லை. தெருவில் குப்பைத்தொட்டி அபூர்வம், ஒரு பிளாஸ்டிக் பை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். கோயில், பாரம்பரிய விடுதி, சில உணவகங்கள் என்று அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதால் லேஸ் கட்டாத ஷூ. மருந்தில் கவனம் தேவை: சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்கு அங்கே தடை. ஒரு மாதத்துக்கு மேல் வருகிற மருத்துவர் சீட்டு மருந்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சிக்கன் ஊறுகாய், பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் எதையும் கட்டாதீர்கள். சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறி மட்டும்தான் என்று தோன்றும் சூப்பிலும் குழம்பிலும்கூட மீனில் காய்ச்சிய தாஷி இருக்கும்.

டோக்கியோவின் நரிதா விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக எது நல்லது என்பதை அறை இருக்கும் இடம்தான் முடிவு செய்யும். உவெனோ பக்கம் என்றால் ஸ்கைலைனர் ரயில், நாற்பது நிமிடம், 2,500 யென்னுக்குக் கொஞ்சம் மேல். ஷின்ஜுகு, ஷிபுயா என்றால் மூவாயிரம் சொச்சத்துக்கு நரிதா எக்ஸ்பிரஸ், மாறாமல் போகலாம். டோக்கியோ நிலையம் என்றால் 1,500 யென் பேருந்தை மிஞ்ச ஒன்றுமில்லை. டாக்சி இருபதாயிரத்தைத் தாண்டும், ரயில்கள் நள்ளிரவோடு நின்றுவிடும், ஆகவே ராத்திரி பத்து மணிக்கு மேல் இறங்கும் விமானம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் இந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

பணத்தில் ஒன்றை மட்டும் நம்பிப் போக முடியாது. ஹோட்டல், பெரிய கடை, ஷின்கான்சென் டிக்கெட்டுக்குக் கார்டு போதும். வங்கிக் கடன் அட்டையில் 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிப்பார்கள், யென் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் அந்தப் பிடித்தம் இல்லை. எந்த அட்டையானாலும் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள். கோயில் நுழைவு, சின்ன ராமென் கடை வாசலில் நிற்கிற டிக்கெட் இயந்திரம் போன்றவை இன்னும் ரொக்கம் கேட்கும். 2024 ஜூலையில் வந்த புதுத் தாள்களை வாங்காத பழைய இயந்திரங்களும் அங்கங்கே உண்டு, பழைய ஆயிரம் யென் தாள் ஒன்றிரண்டு கையில் இருப்பது நல்லது. ரொக்கம் தீர்ந்தால் செவன்-இலெவன் கடை ஏ.டி.எம்.மில் நம் விசா, மாஸ்டர்கார்டு வேலை செய்யும். பணம் வருவதற்கு முன்பு திரையில் 'உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா, யென்னிலா' என்று கேட்டால் யென்னையே தொடுங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலைதான்.

நகருக்குள் சுற்ற, முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் சுயிகா அட்டைதான் என் தேர்வு. மெட்ரோ, பேருந்து, கன்வீனியன்ஸ் ஸ்டோர், பானம் விற்கும் இயந்திரம் எல்லாவற்றிலும் தட்டினால் போதும், ஒசாகாவின் இகோகாவும் அப்படியே. ஆனால் டோக்கியோவில் தட்டி ஏறிக் கியோட்டோவில் தட்டி இறங்க முடியாது. ஐபோன்காரர்கள் போனிலேயே ஏற்றிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு என்றால் நம் ஊரில் விற்பவற்றில் பெரும்பாலும் அது வேலை செய்யாது, அட்டையே வாங்குங்கள். 500 யென் முன்பணம் கட்டுகிற சாதாரண சுயிகா ஒரு பக்கம். முன்பணம் இல்லாத, 28 நாள் மட்டும் செல்லுகிற வெல்கம் சுயிகா இன்னொரு பக்கம். இரண்டாவதில் மிச்சம் திரும்ப வராது, ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நிலைய இயந்திரங்களில் ஏற்றப் பெரும்பாலும் ரொக்கம்தான் வேண்டும், அதற்காகவே பத்தாயிரம் இருபதாயிரம் யென் கையோடு கொண்டுபோவது உத்தமம். கடைசி நாளில் விமான நிலையக் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் அட்டையில் உள்ளதை முதலில் கழிக்கச் சொல்லி, மீதியைச் சில்லறை நாணயங்களால் கொடுத்துவிடுங்கள். நம் ஊர்ப் பணமாற்று கவுன்டர்களில் தாளை வாங்குவார்கள், நாணயங்களை வாங்க மாட்டார்கள்.