கூகுள் ஸ்காலர் கணக்கு: ஒரு நத்தைக்காரியின் மதிப்பீடு

நில நத்தைகளை இனம் பிரிப்பது என் வேலை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஏழு வருடமாகக் கணக்கு வைத்திருக்கிறேன். என் எச்-இண்டெக்ஸ் 6. அதாவது, என் கட்டுரைகளில் ஆறு, தலா ஆறு தடவையாவது மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது.

கணக்குக்குக் காசு கட்ட வேண்டாம். நம் கட்டுரையை யாராவது எடுத்தாண்டால் மின்னஞ்சல் வரும். வயநாட்டுப் பக்கம் ஒரு மாணவி என் அட்டவணையை வைத்துக்கொண்டே முனைவர் பட்டம் முடித்திருப்பது அப்படித்தான் தெரிந்தது. ஆய்வேடுகளையும் இது எண்ணும். அதனால் ஸ்கோபஸ் என்ற இன்னொரு மேற்கோள் தரவுத்தளத்தைவிட இங்கே எண்ணிக்கை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

புதிதாகக் கணக்கு தொடங்குகிறவர்கள், கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு, கேட்டுச் சேர்க்கும்படி வையுங்கள். நமக்கு ஓர் எழுத்து இனிஷியல், பின்னால் ஒரு பெயர். ஆர். லட்சுமி என்று ஊருக்கு எத்தனை பேர்!

சரி, தராசாக இது எப்படி? 2024இல் இரண்டு பேர் லாரி என்ற பூனையின் பெயரில் 12 போலிக் கட்டுரைகளையும், அவற்றை மேற்கோள் காட்டும் இன்னும் 12 போலிகளையும் இணையத்தில் ஏற்றினார்கள். பூனைக்கு நூறுக்கு மேல் மேற்கோள் சேர்ந்தது. என்னைவிட அதிகம்.

எங்கள் துறையின் சங்கடம் வேறு. ஓர் இனத்தின் பெயரை எழுதும்போது, பெயர் வைத்தவரையும் ஆண்டையும் பக்கத்திலேயே போடுவார்கள். ஆனால் அந்தக் கட்டுரை பெரும்பாலும் நூற்பட்டியலுக்குப் போகாது. போகாவிட்டால் கணக்கிலும் ஏறாது.

என் கட்டுரைகளில் அதிக மேற்கோள் பெற்றது 2016இல் எழுதியது: 23. முழு வளர்ச்சி அடையாத நத்தையின் ஓட்டைப் பார்த்துப் புது இனம் என்று அறிவித்திருந்தேன். அது பழைய இனம்தான் என்று திருத்தியவர்கள் மட்டுமே ஒன்பது பேர். அந்த ஒன்பதும் என் கணக்கில் வரவுதான்.

கட்டுரை தேட ஐந்துக்கு ஐந்து. ஆளை எடைபோட ஒன்றரை.

போன வருடம் ஒரு கல்லூரியில் நேர்காணல். குழுவில் ஒருவர் என் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தார். அந்த 23ஐப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டி, “இதுமாதிரி வருஷத்துக்கு எத்தனை பண்ணுவீங்கம்மா?” என்றார்.