டிராக் பந்தய காரில் கட்-ஆஃப் சுவிட்ச்: ஆல்டர்னேட்டர் வயரை எந்தப் பக்கம் சேர்ப்பது?

டிராக் பந்தயம் (drag race) என்பது நேரான குறுகிய பாதையில் நடக்கும் வேகப் போட்டி. பேட்டரியை டிக்கிக்கு மாற்றிய டிராக் பந்தய காரின் பின்புறத்தில், வெளியே நிற்பவர் இயக்கி மின்சாரத்தைத் துண்டிக்கக்கூடிய கட்-ஆஃப் சுவிட்ச் இருக்க வேண்டும் என்பது, அமெரிக்காவில் இந்தப் பந்தயங்களை நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பின் விதி. அது பாசிட்டிவ் பக்கத்தில் அமைய வேண்டும். அணைத்ததும் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினும் நிற்க வேண்டும். தள்ளி இழுக்கும் வகை என்றால், தள்ளும்போதுதான் அணைய வேண்டும். ஆகவே நெகட்டிவ் கேபிளைத் துண்டிக்கும் வழி இங்கே செல்லாது. ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) இல்லாத, பேட்டரி இக்னிஷன் (பேட்டரி மின்சாரத்தால் எரிபொருளைப் பற்றவைக்கும் அமைப்பு) கொண்ட காருக்கு இரண்டு முனை சுவிட்ச் போதும்.

ஆல்டர்னேட்டர் இருந்தால் கதை வேறு. வழக்கமாக அதன் சார்ஜ் வயர் ஸ்டார்ட்டரின் பெரிய முனையில், பேட்டரி கேபிளோடு ஒரே நட்டின் கீழ் சேர்கிறது. சுவிட்சை அணைத்தால் பேட்டரி மட்டும் பிரியும். சுழலும் ஆல்டர்னேட்டர் இக்னிஷனுக்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டே இருப்பதால் இன்ஜின் நிற்காது.

இதற்கு முதல் தீர்வு, சார்ஜ் வயரை அந்த நட்டிலிருந்து கழற்றி, தனி வயராகப் பின்னே இழுத்து, சுவிட்சின் பேட்டரி முனையில் பூட்டுவது. அணைக்கும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரியோடும், மற்ற எல்லாம் மறுபுறமும் பிரிந்துவிடுவதால் இன்ஜின் உடனே நிற்கிறது. பேட்டரி தொடுப்பில் இருப்பதால் மின்னழுத்தமும் எகிறுவதில்லை. ஆனால் சுவிட்ச் அணைந்த பிறகும் காரின் முன்முனை வரை ஒரு தடித்த வயர் உயிரோடு, அதாவது பேட்டரி மின்சாரத்தோடு கிடக்கிறது. மோதலில் மூக்கு நசுங்கி அந்த வயர் காரின் உலோக உடலைத் தொட்டு ஷார்ட் ஆனால், அணைத்தும் பயனில்லை. எனவே பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ் இல்லாமல் இந்த முறையை யாரும் கையாளக் கூடாது. தகட்டைத் துளைத்துச் செல்லும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையமும் கட்டாயம்.

இரண்டாவது தீர்வு நான்கு முனை சுவிட்ச். சார்ஜ் வயர் பழைய இடத்திலேயே இருக்கும். பெரிய முனைகள் இரண்டும் பேட்டரி கேபிளை வெட்ட, சிறிய முனைகள் இரண்டும் அதே அசைவில் இக்னிஷன் வயரை வெட்டுகின்றன. அணைத்து இன்ஜின் நின்றபின் சுவிட்சுக்கு அப்பால் உயிருள்ள வயரே கிடையாது. இதன் குறை, சார்ஜ் ஏறும் நேரத்தில் பேட்டரி திடீரெனப் பிரிந்தால் மின்னழுத்தம் ஒரு கணம் 100 வோல்ட்டை ஒட்டி எழக்கூடும் என்பது. ஆல்டர்னேட்டரின் டயோடுகளும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவும் பழுதாகலாம். அந்த எழுச்சியை மின்தடை வழியே எர்த்துக்கு இறக்கும் ஆறு முனை சுவிட்ச் இதற்காகவே இருக்கிறது.

என் தேர்வு இரண்டாவதுதான். இசியூ உள்ள காரென்றால் ஆறு முனை. விபத்துக்குப் பின் சுவிட்சைத் தள்ளும் மீட்புப் பணியாளர், முன்னால் உயிருள்ள வயர் எதுவும் இல்லை என்று நம்பியே உலோகத்தை வெட்டத் தொடங்குகிறார். ஒரு கணம் எழும் மின்னழுத்தத்தால் கருவி போகலாம். உயிருள்ள வயரின் தீப்பொறியால் அவருடைய கை வெந்துபோகலாம்.

எந்த முறையானாலும், வயரிங் முடிந்ததும் நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு, விளக்கு, விசிறி, எரிபொருள் பம்ப் அனைத்தையும் போட்டு, சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் தயங்கித் தயங்கி நின்றால்கூட, எங்கோ ஒரு வயர் இன்னும் தவறான பக்கத்தில் இருக்கிறது.