ராயபுரம் கோடை முகாம்: போட்டோ இல்லை, கேக் இல்லை, நெத்திலி வறுவல் உண்டு

மே மாதம் வந்தால் குழந்தைகள் காப்பகத்தில், அதாவது இல்லத்தில், வளரும் பிள்ளைகள் இரண்டு கட்சி ஆகிவிடுவார்கள். பாட்டியோ சித்தியோ இருப்பவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மற்றவர்கள் டிவி முன்னால். 18 வயது வரை நான் டிவி கட்சி. இப்போது எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வேலை. வளர்ந்த இல்லத்தின் வார்டன் சார், "லீவு நாள்ல பசங்களோட போய்ட்டு வாப்பா" என்றதால் இந்த முகாமைப் பார்த்தேன். நடத்துபவர்கள் விளம்பரம் வேண்டாம் என்றதால் பெயரைப் போடவில்லை. 13 முதல் 17 வயதுப் பையன்களுக்கு, கட்டணம் கிடையாது.

முதலில் பிடித்தது விண்ணப்பம். 'தந்தை பெயர்' என்ற கட்டமே இல்லை. 'பொறுப்பாளர்' என்று ஒரே வரி. அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பேனாவைக் கடித்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அப்புறம், யாரும் செல்போனை நீட்டவில்லை. காப்பகப் பிள்ளைகளை அடையாளம் காட்டும்படி பெயரோ படமோ வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 சொல்கிறது. ஆனாலும் பிறந்தநாள் பிரியாணியோடு வருகிறவர்கள் படம் எடுக்காமல் போவது அபூர்வம். வரிசையாக நின்று "தேங்க்யூ அங்கிள்" சொல்லியே வளர்ந்தோம். இங்கே அது இல்லை. தெருப் பையன்களையும் சேர்த்திருந்தார்கள். யார் இல்லம், யார் வீடு என்று யாரும் மைக்கில் அறிவிக்கவில்லை.

கேரம் போர்டைச் சுற்றி எப்போதும் கூட்டம். 2024-ல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம்ம வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண்தானே, கேட்கவா வேண்டும்! பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப் போனார்கள். பொம்மை ரயிலில் ஏற 16 வயதுக்காரன்கள்தான் முதலில் முண்டினார்கள்.

முகாமின் உயிர் சமையல் வகுப்புதான். இல்லத்துச் சமையலறைக்குள் எங்களை விடமாட்டார்கள். அண்டாவும் பெரிய அடுப்பும் இருக்கும் இடம், பயம் நியாயம்தான். ஆனால் வெளியே வரும்போது நூறு பேருக்கு எத்தனை கிலோ அரிசி என்று தெரியும், ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று தெரியாது. அறை எடுத்த புதிதில் நான் டீயும் பன்னுமாகவே காலம் தள்ளினேன். இங்கே ஆளுக்கொரு சின்னப் பாத்திரம். சிலிண்டரை மூடுவதிலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள். மீன் வாங்கவும் காசைக் கையில் கொடுத்துக் காசிமேட்டுக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. ஃபைபர் படகில் வருவதுதான், விலையும் ஏறியிருக்கும். வஞ்சிரம் கட்டுப்படியாகாது என்றதும், "இன்னாக்கா, ஐஸ்ல வெச்சதா?" என்று செவுளைத் தூக்கிப் பார்த்து வேறு மீன் பேரம் பேசினான் ஒருவன். கடைசியில் நெத்திலி. உப்பு கொஞ்சம் தூக்கல், ஒன்றுகூட மிஞ்சவில்லை.

குறையும் உண்டு. அக்னி நட்சத்திரத்தில் காலை 11 மணிக்கு மொட்டை மாடியில் பாக்ஸிங் வைத்தது யார் யோசனையோ! பெண் பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. பெரிய குறை, 17-ல் கதவைச் சாத்துவது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், 18 முடிந்து இல்லத்தை விட்டு வருபவர்களுக்கு 21 வயது வரை பின்பராமரிப்பாக மாதம் 4,000 ரூபாய் உண்டு. அந்தப் பணத்தில் வாடகை, அரிசி, பஸ் எல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். இந்தச் சமையல் வகுப்பு அவர்களுக்குத்தான் முதலில் தேவை.

இன்னொன்று. கடைசி நாளில் தன்னார்வலர்கள் சிலர் பையன்களிடம் "அடிக்கடி வருவோம்டா" என்றார்கள். அதைச் சொல்லாதீர்கள். ஜூனில் வருவதானால் தேதியை வார்டனிடம் சொல்லுங்கள், பையன்களிடம் வேண்டாம்.