எட்டாவது கால்: டிஎல்சி271 உடன் ஐந்து வருடம்

வேதாரண்யத்தில் மச்சானின் இறால் குட்டைக்கு நான் செய்து கொடுத்த, தண்ணீரின் அமில-காரத் தன்மையை அளக்கும் பிஎச் பெட்டியைப் போன வாரம் திறந்து பழுது பார்த்தேன். பக்கத்துக் குட்டைக்காரர் அதிலிருக்கும் டிஎல்சி271 ஆப்-ஆம்ப் (சின்ன சிக்னலைப் பெருக்கும் சிப்) வைத்துத் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாராம். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

இந்த சிப்பின் உள்ளீடு அருமை. பிஎச் புரோப்பின் கண்ணாடிக் குமிழ் ஏறக்குறைய 100 மெகாஓம் தடை. அங்கே பழைய 741 ஆப்-ஆம்ப்பைப் போட்டால் அது இழுக்கும் மின்னோட்டத்திலேயே சிக்னல் செத்துவிடும். டிஎல்சி271 சாதாரண வெப்பத்தில் இழுப்பது ஒரு பிக்கோஆம்பியருக்கும் கீழே. ஒரு பிஎச்சுக்கு 59 மில்லிவோல்ட் வரும் இடத்தில் அதனால் வரும் பிழை 0.1 மில்லிவோல்ட்டைக்கூடத் தொடாது. விடியற்காலையில் 7.8, பாசி வெயில் குடித்த பிறகு சாயங்காலம் 8.4 என்று மச்சான் நோட்டில் எழுதிய கணக்கெல்லாம் இதை நம்பித்தான்.

குறைந்த மின்னோட்ட மோடில் 9 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 14 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கிறது. அதனால் பெட்டிக்கு ஆன்-ஆஃப் சுவிட்சே வைக்கவில்லை. மச்சான் மல்டிமீட்டரைச் செருகிப் பார்ப்பார், பிடுங்கிவிடுவார். முதல் பேட்டரி மூன்று வருடம் ஓடியது.

என் கோபமெல்லாம் மோடைத் தேர்ந்தெடுக்கும் எட்டாவது கால் மேல்தான். அதைப் பாசிட்டிவில் கட்டினால் குறைந்த மின்னோட்ட மோடு, நடு வோல்ட்டேஜில் வைத்தால் நடு மோடு, கிரவுண்டில் கட்டினால் அதிவேக மோடு. ஒரே சிப்பில் மூன்று குணம் என்ற ஆசையில் மூன்று நிலை சுவிட்ச் ஒன்று வைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, மோடு மாறினால் ஆஃப்செட்டும் (சிக்னல் சுழியமாக இருக்கும்போதும் சிப் காட்டும் சின்ன வோல்ட்டேஜ் பிழை) மாறுகிறது. 7.00 பஃபரில் (பிஎச் தெரிந்த சோதனைக் கரைசல்) சுழியத்துக்குத் திருகி வைத்த அளவு அடுத்த மோடில் நிற்காது. போதாததற்கு, ஆஃப்செட்டை முழுக்கச் சரிசெய்ய முடியும் என்பது அதிவேக மோடில்தான் உறுதி. மற்ற இரண்டிலும் முழுதாகச் சுழியத்துக்கு வராமல் போகலாம் என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. என் பெட்டியில் 4 மில்லிவோல்ட் மிச்சம் நின்றது. மச்சான் ஐந்து வருடமாக அதை மனக்கணக்கில் கழித்துக்கொண்டிருக்கிறார். சுவிட்சை ஒருநாளும் தொட்டதில்லை.

தொடாத அந்த சுவிட்ச்தான் காலை வாரியது. உப்புக் காற்றில் உள்ளே பச்சை பூத்து, எட்டாவது கால் எதிலும் சேராமல் மிதந்திருக்கிறது. புது பேட்டரி நாலரை மாதத்தில் தீர்ந்தது. பஃபர் அளவும் நகர்ந்தது. புரோப்புக்கு வயசாகிவிட்டது என்று நினைத்து மச்சான் புது புரோப்பே வாங்கிவிட்டார். பழையது நன்றாகத்தான் இருந்தது. அந்தக் காசை நினைத்தால் இன்னும் எரிகிறது. மீட்டரை பேட்டரியோடு வரிசையில் போட்டுப் பார்த்தபோது 14 இருக்க வேண்டிய இடத்தில் 150 மைக்ரோஆம்பியர்!

நியாயமாகப் பார்த்தால் சிப் மேல் குற்றமில்லை. மிதக்க விடக்கூடாத காலை நான் சுவிட்சை நம்பி விட்டேன். ஆனாலும் பக்கத்துக் குட்டைக்காரரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். ஒரே மோடில் ஐந்து வருடம் இருக்கப்போகிற பெட்டிக்கு ஒரே மோடு உள்ள சிப் போதும். உள்ளீடு இதே அளவு சுத்தமாக இருந்தால் சரி.

மச்சான் பெட்டியில் மட்டும் அதே சிப்தான். சுவிட்சைக் கழற்றிவிட்டேன். பாசிட்டிவ் வரும் ஏழாவது கால் எட்டாவதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டையும் ஒரு சொட்டு ஈயத்தில் சேர்த்து, மேலே வார்னிஷ் பூசியாயிற்று.