நாற்றுப் பந்தலுக்கு எந்த நிழல் வலை? பட்டை இழை, உருண்டை இழை: ஒரு மதிப்பீடு

ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை வட்டாரங்களில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளைக் குழித்தட்டுகளில் வளர்த்து விற்கும் பண்ணைகளில் பந்தல் போடுவதற்கு ஆகும் செலவில் குழாய்க்கு அடுத்த பெரிய செலவு நிழல் வலைதான். குழாய்களை ஒருமுறை நட்டுவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலை இல்லை. வலையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும். எங்கள் பண்ணையில் ஒரு பந்தலில் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பட்டை இழை வலையும், அதை ஒட்டிய பந்தலில் ‘மோனோ’ என்று கடைகளில் சொல்லப்படும் உருண்டை இழை வலையும் விரிக்கப்பட்டுள்ளன. இரண்டும் 50 சதவீத நிழல் தருவதாக விற்கப்பட்டவை. இரண்டும் பச்சை நிறம். ஒரே வெயிலையும் ஒரே காற்றையும் தாங்கி வந்தவை. ஆகவே இவற்றை ஒப்பிட்டு எழுதுவது வலை வாங்க இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

முதலில் சதவீதக் கணக்கைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 75 சதவீத வலை என்றால் 75 சதவீத வெளிச்சம் உள்ளே வரும் என்று எண்ணி வாங்கிச் செல்பவர்களை இன்றும் கடைகளில் பார்க்க முடிகிறது. உண்மையில் வலை தடுக்கும் வெளிச்சத்தின் அளவே அது. உள்ளே வருவது மீதமுள்ள கால் பங்குதான். அந்தக் கால் பங்கு வெளிச்சத்தில் தக்காளி நாற்று வெளிறி, கணுவிடை நீண்டு, நெடுநெடுவென்று வளர்ந்து, வயலில் நட்ட மறுநாளே தலை சாயும். நாற்றுக்கு 50 சதவீதம் போதும். குடைமிளகாய் போன்ற காய்கறிகளை வலைக்குள்ளேயே வளர்ப்பதானால் 35 சதவீதமே பொருந்தும். ஏற்காட்டில் வளரும் ஆந்தூரியம் போன்ற நிழல் விரும்பிகளுக்குத்தான் 75 சதவீதமும் அதற்கு மேலும் தேவைப்படும்.

வலையின் மேலுறையில் அச்சிட்ட சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. மேகமில்லாத நாளில் உச்சி வேளையில், கைப்பேசியில் உள்ள ஒளியளவு செயலியைத் திறந்து, திரை வானத்தைப் பார்க்குமாறு வெட்டவெளியில் ஒருமுறையும் வலையின் கீழ் ஒருமுறையும் வைத்துப் பார்த்தால் போதும். வெட்டவெளியில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். சில கைப்பேசிகள் அந்த அளவைத் தாங்காமல் ஒரே எண்ணில் நின்றுவிடும் என்பதால், உணரியின் மேல் வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டிக்கொண்டு இரண்டு இடத்திலும் அளக்கலாம். எண்கள் துல்லியமாக இல்லாவிட்டாலும் விகிதம் ஏமாற்றாது. இப்படிப் பார்த்ததில் எங்கள் மோனோ வலை சொன்ன அளவுக்கு நெருக்கமாகவே இருந்தது. பட்டை இழை வலையோ கட்டிய புதிதில் சரியாக இருந்து, இழுத்துக் கட்டிய இடங்களில் கண்கள் விரிந்து, நாளடைவில் ஓரிடத்தில் அடர்நிழலும் மற்றோரிடத்தில் பளீர் வெயிலுமாக மாறிவிட்டது. ஒரே தட்டில் பாதி நாற்று உயரமாகவும் பாதி குட்டையாகவும் வளர்ந்தால் வாங்க வருபவர் முகம் சுளிப்பார். நாற்று வியாபாரத்தில் சீரான வளர்ச்சிக்குத்தான் விலை.

இரண்டு வலைகளையும் கையில் எடுத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். பட்டை இழை என்பது பாலித்தீன் தாளைக் குறுகிய நாடாக்களாகக் கீறிப் பின்னியது. விரலால் நிரடினால் தட்டையாக, சற்றே சரசரக்கும். மோனோ இழை தூண்டில் நரம்பு போல உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும். பட்டை இழையில் தூசி தங்குகிறது. மழை பெய்தால் நீரும் தங்கி, வலை பள்ளமாகத் தொய்கிறது. தொய்ந்த இடத்திலிருந்து பெரிய பெரிய சொட்டுகளாக விழும் நீர் முளைத்து இரண்டு இலை விட்ட நாற்றைச் சாய்த்து, குழியிலுள்ள தென்னை நார்க்கழிவையும் வெளியே தெறிக்க வைக்கிறது. மோனோ வலையில் இந்தத் தொல்லை வெகு குறைவு.

உண்மையான சோதனை ஆடிக் காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பகுதியில் எந்தப் பந்தலையும் விட்டுவைப்பதில்லை. பட்டை இழை வலை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு, கட்டிய இடங்களில் எல்லாம் கிழிந்தது; ஒரு கட்டு அறுந்தால் அடுத்த கட்டின் மேல் பாரம் கூடி வரிசையாக அறுபடும். மோனோ வலை காற்றை ஓரளவு உள்ளே விட்டுவிடுவதால் அடிக்கும் வேகம் தணிகிறது. ஆனால் எந்த வலையானாலும் வெறும் ஓரத்தில் கட்டுக் கம்பியைக் குத்திக் கட்டக் கூடாது. ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து, அதனுள் கம்பிவடத்தைச் செலுத்தி, பிளாஸ்டிக் பிடிப்பான்களால் பிடித்தால்தான் பாரம் பரவலாகும். வலை குழாயின் மேல் படும் இடங்களில் பழைய வலைத் துண்டைச் சுற்றிவிடுவது நல்லது. வெயிலில் காய்ந்து சுடும் இரும்பின் மேல் கிடக்கும் பகுதியே முதலில் நைந்து போகிறது.

விலையைப் பொறுத்தவரை மோனோ வலை கூடுதல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் விலையை ரோல் கணக்கில் கேட்பதைவிட எடைக் கணக்கில் கேட்பதே முறை. 3 மீட்டர் அகலமும் 50 மீட்டர் நீளமும் உள்ள ஒரு ரோல் 150 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 100 கிராம் என்று சொல்லி விற்றால் அது 15 கிலோ இருக்க வேண்டும். ஒரு கடையில் அப்படிச் சொல்லித் தந்த ரோலைத் தராசில் வைத்தபோது முள் 12 கிலோவைத் தாண்டவில்லை, அதாவது 80 கிராம் வலை. கடைக்காரர், எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எல்லாரும் எடை போடாமல்தான் வாங்குகிறார்கள். எடை மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக் குருணை கலந்த வலை கனமாக இருந்தும் புற ஊதாக் கதிரைத் தாங்காமல் விரைவில் பொடியும். இழையைக் கசக்கினால் கையில் நிறப்பொடி ஒட்டுவதும், நிறம் திட்டுத்திட்டாக இருப்பதும் அதற்கான அடையாளங்கள். நிழல் வலைகளுக்கென்றே ஐ.எஸ். 16008 என்னும் இந்தியத் தரநிலை இருக்கிறது. பட்டை இழைக்கு ஒரு பகுதியும் மோனோ எனப்படும் ஒற்றை இழைக்கு ஒரு பகுதியுமாக அது வகுக்கப்பட்டுள்ளது. ரசீதில் அந்த எண்ணையும், சதுர மீட்டர் எடையையும், புற ஊதாத் தாங்குதிறனுக்கான உத்தரவாத ஆண்டுகளையும் எழுதித் தரத் தயங்கும் கடையில் நான் வாங்குவதில்லை. உத்தரவாதச் சீட்டின் அடியில் உள்ள சிறிய எழுத்துகளையும் படிக்க வேண்டும். கந்தகமும் குளோரினும் புற ஊதாக் கதிரிலிருந்து வலையைக் காக்கும் சேர்மத்தைக் கெடுக்கும் என்பதால், பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் நனையும் கந்தகத்தை வலையின் மேல் படுமாறு தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. பச்சை வலை கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவே. இலை மிகுதியாகப் பயன்படுத்தும் சிவப்பு, நீல ஒளியைப் பச்சை வலை கூடுதலாகத் தடுத்து, இலைக்கு அவ்வளவாகப் பயன்படாத பச்சை ஒளியை உள்ளே விடுகிறது. கறுப்பு வலை எல்லா நிறத்தையும் ஒரே அளவில் குறைக்கும். வெள்ளை வலை ஒளியைச் சிதறடித்துக் கீழ் இலைகளுக்கும் அனுப்பும். அடுத்த முறை மாற்றும்போது வெள்ளை மோனோ வலைக்கே போவதாக இருக்கிறேன். தூசி படிந்தால் அழுக்காகத் தெரியும் என்பது தவிர அதில் குறை ஒன்றும் தென்படவில்லை.

வலை காற்றைக் குளிரவைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அது இலையின் மேலும் மண்ணின் மேலும் விழும் வெயிலைக் குறைக்கிறது. தலைக்கு எட்டும் உயரத்தில் தாழ்வாகக் கட்டினால் உள்ளே புழுக்கம் அடைந்து, வெளியே இருப்பதைவிட மோசமாகும். மாடித் தோட்டக்காரர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: எட்டடிக்குக் குறையாத உயரம், நான்கு பக்கமும் காற்றோட்டம், மாலை வெயில் சாய்ந்து நுழையும் மேற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு தொங்கல். வெள்ளை ஈயை இந்த வலை தடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு அங்குலத்துக்கு 40 கண் உள்ள பூச்சி வலை தனியாக உண்டு.

ஆண்டு முழுவதும் வலையை விரித்தே வைத்திருப்பதும் சரியல்ல. கோடையில் கொத்தமல்லித் தழையை 50 சதவீத வலைக்குள் வளர்த்து நல்ல விலைக்கு விற்கலாம். அதே வலையை ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்தில் விட்டுவைத்தால் ஈரம் காயாமல் நாற்றழுகல் வரும். கம்பிவடத்தில் கோர்த்த வலையைத் திரைபோல ஒதுக்கிக்கொள்ள முடிவதால், மூட்டமான நாளில் ஒதுக்குவதும், விற்பனைக்கு முந்தைய ஒரு வாரம் தக்காளி, மிளகாய் நாற்றுகளை முழு வெயிலில் வைத்து இறுகச் செய்வதும் எளிதாகிறது. மோனோ வலை ஒதுக்கும்போது குழாயில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். பட்டை இழை வலையை ஒதுக்க இருவர் வேண்டும்.