கையொப்பத்தைச் சோதித்துச் சொல்லும் மண்ணடிக் கடை

பழைய புத்தகங்களை விற்பதோடு செப்பனிட்டும் தரும் மண்ணடிக் கடை ஒன்றுக்குப் போன மாதம் இரண்டு தொகுதிகளைத் தூக்கிக்கொண்டு சென்றேன். ஆப்பிரிக்காவில் சிக்கியிருந்த எகிப்து அரசின் மாகாண ஆளுநர் எமின் பாஷாவை மீட்கச் சென்ற பயணத்தைப் பற்றி, அதற்குத் தலைமை தாங்கிய ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி எழுதி, 1890-இல் லண்டனில் வெளியான ‘இன் டார்க்கஸ்ட் ஆப்பிரிக்கா’தான் அது. முதல் தொகுதியின் உள்தாளில் ஆசிரியரின் கையொப்பம் இருப்பதாகச் சொல்லி, வெளியூர் வணிகர் ஒருவர் அதை எனக்குத் தபாலில் 18,000 ரூபாய்க்கு விற்றிருந்தார்.

கடைக்காரப் பெரியவர் முதலில் அளந்து பார்த்தது புத்தகத்தின் அளவைத்தான். “தம்பி, ஸ்டான்லி கையெழுத்துப் போட்ட சிறப்புப் பதிப்பு மொத்தமே 250 படிதான். அது இதைவிடப் பெரிய தாள், வரிசை எண்ணும் இருக்கும். இது சாதாரணப் பதிப்பு” என்றார். சாதாரணப் படியிலும் ஆசிரியர் யாருக்காவது கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, என்னையே பார்க்கச் சொன்னார்.

இரும்பு நிப்பு அழுந்திய இடத்தில் கோட்டின் இரு ஓரங்களும் கருத்திருக்கும். ஒரு கோடு இன்னொன்றைக் கடக்கும் இடத்தில் மை தேங்கி நிற்கும். மாசிக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் கலந்து காய்ச்சிய அக்காலத்து மை, ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறும். என் படியில் இருந்ததோ தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீரான கருமை. வேறு எதிலிருந்தோ வெட்டி எடுத்த அச்சுக் கையொப்பத்தை உள்தாளில் ஒட்டியிருக்கிறார்கள். சாய்த்துப் பிடித்தால் சீட்டின் விளிம்பு விரலில் தட்டுப்படுகிறது. மனம் மிகவும் வருந்தியது. ஆனாலும், இதைப் பார்த்துச் சொன்னதற்கு அவர் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

செப்பனிடும் வேலையும் நேர்த்தியானது. மடித்து வைத்த வரைபடத்தின் கிழிசலில் யாரோ செல்லோடேப் ஒட்டி, அதன் பசை மஞ்சளித்திருந்தது. அதைப் பொறுமையாக நீக்கி, பின்புறம் மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டிக் கொடுத்தார். வரைபடம் இப்போது மடிப்பில் முறுக்கிக்கொள்ளாமல் விரிகிறது. இதற்கு மூன்று வாரமும் 1,200 ரூபாயும் ஆயின. கூலி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. அலமாரிகளைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பதால், கடற்கரைக்கு இவ்வளவு அருகிலுள்ள இடத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் நேரே புத்தகத்துக்குப் போகிறது. கீழ்த்தட்டில் பழுப்புப் புள்ளி விழுந்த தாள்களையும், இராமபாணப் பூச்சி அரித்த அட்டைகளையும் கண்டேன். சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போட்டாலே பாதிச் சேதம் குறையும். அத்துடன், தாம் கண்டதை எழுதிக் கையொப்பமிட்டுத் தர அவர் இசைவதில்லை. பின்னாளில் விற்க நினைக்கும் சேகரிப்பாளருக்கு அத்தகைய சீட்டு மிகவும் தேவை.

இரண்டாம் தொகுதியின் தளர்ந்த முதுகுத் தையலைச் சரிசெய்ய அவரிடமே கொடுத்திருக்கிறேன். ஒட்டிய சீட்டைப் பிரிக்க வேண்டாம் என்றும், அதன் அருகிலேயே ‘இது அச்சு’ என்று பென்சிலால் குறித்து வைக்குமாறும் கேட்டுக்கொண்டேன்.